நான்கு நாட்டுக் கணக்குப் புத்தகங்களை வீட்டில் வைத்து ஒரு வருடம் படித்துப் பார்த்தோம்

போன வருடம் என் மகள் இரண்டாம் வகுப்புக்குப் போனபோது கணக்கு என்றாலே அவள் முகம் சுருங்க ஆரம்பித்தது. கூட்டல், கழித்தல் எல்லாம் தெரியும், விரல்விட்டு எண்ணிச் சரியாகவே போடுவாள். ஆனால் நாலு வரியில் ஒரு கணக்கை எழுதிக் கொடுத்தால், வாசித்து முடித்த அடுத்த நொடி "கூட்டணுமா கழிக்கணுமா, அத மட்டும் சொல்லும்மா" என்று என் முகத்தைப் பார்ப்பாள். அந்தக் கேள்விதான் என்னை இதில் இறக்கிவிட்டது. மற்ற நாடுகளில் இதே வயதுப் பிள்ளைகள் எதை வைத்துப் படிக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்து, கடைசியில் சிங்கப்பூர் கணக்குப் புத்தகமும் பயிற்சிப் புத்தகமும், ஜப்பான் பாடப்புத்தகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு, பின்லாந்துப் பயிற்சிப் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பு, நெதர்லாந்துப் பள்ளிகளில் புழங்கும் ஒரு மணிச்சட்டம் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்தன. எல்லாம் சொந்தக் காசில் வாங்கியவை. ஒரு வருடம் முழுக்கப் பயன்படுத்திய பிறகுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் நான் இதில்தான் ஏமாந்தேன். அட்டையில் போட்டிருக்கும் வகுப்பு எண்ணை நம்பி வாங்காதீர்கள். இங்கிலாந்தில் முதலாம் ஆண்டு என்றால் ஐந்து முடிந்து ஆறு நடக்கும் பிள்ளைகள், அதற்கு முன்பே அவர்கள் பள்ளியில் ஒரு வருடம் இருந்திருப்பார்கள். ஜப்பானில் ஆறு வயது நிறைந்த பிள்ளை ஏப்ரலில் முதல் வகுப்பில் சேர்கிறது. சிங்கப்பூரில் ஏழு வயது ஆகப்போகிற வருடத்தின் ஜனவரியில். பின்லாந்திலும் ஏழு வயது ஆகும் வருடம்தான், ஆனால் ஆகஸ்டில். ஆக 'ஒன்று' என்று போட்ட நான்கு புத்தகங்களும் ஒரே வயதுப் பிள்ளைக்காக எழுதப்பட்டவை கிடையாது. நான் முதலில் வாங்கிய இங்கிலாந்துப் புத்தகம் மகளுக்குத் தேவையானதைவிட ஒரு வருடம் பின்னால் இருந்தது, இரண்டு வாரத்தில் மூடி வைத்துவிட்டோம். வாங்கும் முன் உள்ளடக்கப் பக்கத்தைப் பாருங்கள், பிள்ளைக்கு இப்போது எது தடுமாறுகிறதோ அது எந்தப் புத்தகத்தில் தொடங்குகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

சரி, சிங்கப்பூர். இதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள், அதிலும் பார் மாடல் பற்றி. 1980களில் சிங்கப்பூர் கல்வி அமைச்சில் கோ டெக் ஹோங் தலைமையிலான குழு, வார்த்தைக் கணக்கில் திணறும் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்த வழி இது. தெரிந்த எண்களையும் தெரியாத எண்ணையும் நீளமான பட்டைகளாக வரைந்து பார்ப்பது, அவ்வளவுதான். கேட்கும்போது எனக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. ஆனால் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். கணக்கு இதுதான்: கயலிடம் 24 ஸ்டிக்கர் இருக்கிறது, இது அமுதனிடம் இருப்பதைவிட 9 அதிகம், அமுதனிடம் எத்தனை? 'அதிகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் மகள் கூட்டி 33 என்று எழுதிவிட்டாள். நான் தப்பு என்று சொல்லவில்லை, பட்டை வரையச் சொன்னேன். கயலுக்கு ஒன்று வரைந்தாள். அமுதனுக்கு அதைவிட நீளமாக இழுக்கப் போனவள், பாதியில் பென்சிலை நிறுத்திவிட்டு, மறுபடி கணக்கை வாசித்தாள். "அம்மா, கயல்கிட்டதான நிறைய இருக்கு?" என்றாள். அழித்துவிட்டு அமுதனின் பட்டையைச் சின்னதாக வரைந்தாள், மிச்சமிருந்த நீளத்தில் 9 என்று எழுதினாள். அப்புறம் 15 என்று சொல்ல அவளுக்கு யாரும் தேவைப்படவில்லை. அதிகம் என்றால் கூட்டு, குறைவு என்றால் கழி என்று எங்கேயோ பிடித்துக்கொண்டிருந்த குறுக்குவழி அன்றைக்குத்தான் கழன்றது. இந்த ஒன்றுக்காகவே புத்தகம் கொடுத்த காசுக்குத் தகும் என்பேன்.

குறையும் உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. இந்தப் புத்தகங்களின் அடிப்படையே பொருள், படம், குறி என்ற வரிசை. ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளரின் கருத்திலிருந்து எடுத்தது. முதலில் கையால் தொட்டு நகர்த்துகிற பொருள், பிறகு அதன் படம், அதற்கும் பிறகுதான் எண்ணும் கூட்டல் குறியும். புத்தகத்தில் அச்சாகியிருப்பது படத்திலிருந்துதான். பொருள் என்கிற முதல் படி வகுப்பறையில், ஆசிரியர் கையில் நடக்கிறது. அந்தப் படியை வீட்டில் நீங்கள் போடாவிட்டால் பிள்ளை படத்தை வெறுமனே எண்ணிக்கொண்டிருக்கும், நாங்கள் முதல் மாதம் அப்படித்தான் ஓட்டினோம், பயனே தெரியவில்லை. ஒன்றோடொன்று செருகும் பிளாஸ்டிக் கட்டைகள் நூறு வாங்கிய பிறகுதான் பாடம் நகர ஆரம்பித்தது. பத்துப் பத்தாகச் செருகிக் கம்பிபோல ஆக்கி, கடன் வாங்கிக் கழிக்கும்போது ஒரு கம்பியை உடைத்துப் பத்துக் கட்டையாக்கிக் கொடுத்தால், 'கடன்' என்ற சொல்லே தேவைப்படவில்லை. இன்னொன்று, பாடப்புத்தகமும் பயிற்சிப் புத்தகமும் தனித்தனி, ஒவ்வொன்றும் முதல் பாதி, இரண்டாம் பாதி என்று இரண்டாக வரும். எனக்கு விற்ற ஆன்லைன் கடை முதல் பாதிப் பாடப்புத்தகத்தோடு இரண்டாம் பாதிப் பயிற்சிப் புத்தகத்தை அனுப்பிவிட்டது, மாற்றி வாங்க ஒரு மாதம் ஆனது. ஆர்டர் போடும்போது எந்தப் பாதி என்று இரண்டு தடவை பாருங்கள்.

சிங்கப்பூர் என்றாலே தேர்வு, நெருக்கடி என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறாம் வகுப்பு முடிவில் ஆங்கிலம், தாய்மொழி, கணக்கு, அறிவியல் நான்கிலும் தேசியத் தேர்வு இருக்கிறது, அது உண்மை. தாய்மொழிப் பாடங்களில் தமிழும் ஒன்று என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் முதல் இரண்டு வகுப்புகளில் மதிப்பெண் சேரும் தேர்வுகளை 2019-லும், எல்லாத் தொடக்க வகுப்புகளிலும் அரையாண்டுத் தேர்வை 2023-லும் எடுத்துவிட்டார்கள். புத்தகமும் அப்படித்தான், இரண்டாம் வகுப்பு வரை எங்கேயும் அவசரப்படுத்துவதில்லை.

ஜப்பான் புத்தகம் கைக்கு வந்தபோது ஏமாற்றமாக இருந்தது. அவ்வளவு மெலிசு. பயிற்சிக் கணக்குகளும் குறைவு. அங்கே கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பாடப்புத்தகம் இலவசம், 1963-இல் தொடங்கிப் படிப்படியாக வந்த ஏற்பாடு அது, கல்வி அமைச்சு பரிசோதித்து அனுமதித்த புத்தகங்கள்தான் வகுப்புக்குள் வரும். இவ்வளவு கவனமாகச் செய்கிறவர்கள் ஏன் இவ்வளவு மெலிசாக அச்சடிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. உட்கார்ந்து வாசித்த பிறகுதான் தெரிந்தது. ஒரு பக்கத்தில் ஒரே ஒரு கணக்குதான் இருக்கிறது, 13-இலிருந்து 9 போனால் எவ்வளவு என்று. அதற்குக் கீழே இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாக யோசிப்பதைப் படமாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளை 13-ஐப் பத்து, மூன்று என்று பிரித்து, பத்திலிருந்து 9-ஐ எடுத்து, மிச்சம் ஒன்றோடு மூன்றைச் சேர்க்கிறது. இன்னொரு பிள்ளை முதலில் மூன்றை எடுத்துப் பத்தாக்கிவிட்டு, பாக்கி ஆறை எடுக்கிறது. இரண்டுக்கும் விடை நான்குதான். எது சுலபம் என்று புத்தகம் சொல்வதில்லை, உங்கள் யோசனையைச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு நிற்கிறது. அங்கே ஒரு பாடவேளை 45 நிமிடம், அந்த முழு நேரமும் இப்படி ஒரே கணக்கில் போவது உண்டு. பிள்ளைகள் சொல்கிற வழிகளையெல்லாம் ஆசிரியர் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதி, பாடம் முடியும்வரை பெரும்பாலும் அழிக்காமல் வைத்திருப்பார்.

அதாவது, புத்தகத்தின் மறுபாதி அந்தக் கரும்பலகையில் இருக்கிறது. வீட்டில் கணக்குப் போடும் வயதில் ஒரே பிள்ளை, ஒரே அம்மா, அங்கே முப்பது பேர் சொல்கிற வழிகள் எப்படிக் கிடைக்கும்? நாங்கள் கண்டுபிடித்த வழி, வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஜப்பான் புத்தகம், அன்றைக்கு வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரே கணக்கை அவரவர் தாளில் போட வேண்டும். என் கணவர் ஒரு விதமாகப் போடுவார், நான் ஒரு விதம். என் மாமியார் மனக்கணக்கில் பெரிய ஆள், அவர் போடும் விதத்தைப் பார்த்துத்தான் எண்களை எப்படி இடம் மாற்றிக் கூட்டுவது என்று எனக்கே தெரிந்தது. "பாட்டி ஏன் அப்படிப் போட்டாங்க" என்று மகள் தானாகவே கேட்க ஆரம்பித்தாள். தினமும் இது முடியாது, நேரம் விழுங்கும். வாரத்துக்கு ஒன்று என்றால் இதைவிட நல்ல புத்தகம் நான் பார்க்கவில்லை.

ஜப்பானைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். என் தோழியின் மகன் ஒசாகாவில் முதல் இரண்டு வகுப்பு படித்துத் திரும்பியவன், அவன் பயன்படுத்திய பயிற்சி ஏடு ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார்கள். மகள் அதைப் புரட்டிக்கொண்டிருந்தவள் ஒரு பக்கத்தில் நின்றாள். "அம்மா, இது தப்பு, ஆனா டிக் போட்டிருக்காங்க." பார்த்தால் உண்மைதான், 8 கூட்டல் 7-க்கு 14 என்று எழுதி அழித்த தடம், பக்கத்தில் சிவப்பு டிக். அங்கே சரியான விடைக்கு வட்டம்தான் போடுவார்கள், டிக் என்றால் தப்பு. அது மட்டும் இல்லை, அந்த ஏட்டில் எந்த டிக்கும் டிக்காகவே நின்றுவிடவில்லை. பையன் அழித்துத் திருத்தி எழுதியிருக்கிறான், ஆசிரியர் அந்த டிக்கின் மேலேயே வட்டம் வரைந்திருக்கிறார். பக்கம் முழுக்கச் சரியானதும் சுழல் மாதிரி ஒரு வட்டமும் அதைச் சுற்றிப் பூவிதழும் வரைந்திருக்கிறது, ஹனமாரு என்பார்கள். திருத்தி முடிக்கிறவரை அந்தப் பக்கம் முடியவில்லை என்று அர்த்தம். நாங்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டோம். முன்பு தப்பான கணக்கைப் பார்க்கவே மாட்டாள், பக்கத்தைத் திருப்பிவிடுவாள். இப்போது பூ வேண்டும் என்பதற்காகவே திரும்பி வருகிறாள், பாதி நேரம் எங்கே பிசகியது என்று அவளே கண்டுபிடித்துவிடுகிறாள்.

வாய்ப்பாடும் அங்கே இரண்டாம் வகுப்பில்தான், ஒன்பது ஒன்பது 81 வரை பாட்டு மாதிரி ஒப்பிக்கிறார்கள். 'நி நின் ங ஷி' என்றால் ஈரிரண்டு நான்கு. விடை ஒற்றை இலக்கமாக இருந்தால் மட்டும் நடுவில் அந்த 'ங' வரும், பத்தைத் தொட்டதும் போய்விடும், ஓசையிலேயே விடையின் அளவு தெரிந்துவிடுகிறது. நம் ஓரிரண்டு, ஈரிரண்டு, மூவிரண்டு மாதிரியே வாய்க்காக வளைந்த சொற்கள். ஆறேழு எவ்வளவு என்று தமிழில் ஓசையோடு சொல்லிப் பழகிய பிறகு மகளுக்கு அது நாக்கிலேயே நின்றது.

இதற்கு நேர் எதிராக இங்கிலாந்து வழியில் ஒரு பயிற்சி செய்து பார்த்தோம். அங்கே நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுச் சோதனை ஒன்று 2022 முதல் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் கட்டாயம், 12 பெருக்கல் 12 வரை 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 நொடி, திரையில் தட்ட வேண்டும். தேர்ச்சி மதிப்பெண் என்று ஒன்று கிடையாது. அந்தச் சோதனை எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கானது, ஏழு வயதில் நான் உட்கார வைத்தது என் தவறுதான். ஆனால் நாங்கள் பயன்படுத்திய பயிற்சித் தளம் விடை தாமதமானால் திரையையே சிவப்பாக்கியது, மூன்றாவது சிவப்புக்கு மகள் அழுதுவிட்டாள். தெரிந்த ஏழெட்டு ஐம்பத்தாறுகூட அன்றைக்கு வரவில்லை. நேரம் வைக்கும் பயிற்சி எதுவாக இருந்தாலும், வாய்ப்பாடு நன்றாகப் பதிந்த பிறகு, பிள்ளையே கேட்டால் மட்டும் எடுங்கள்.

பின்லாந்துப் புத்தகத்துக்கு வருகிறேன். நான்கில் மிக நிம்மதியாக ஓடியது இதுதான். அரை வருடத்துக்கு ஒரு புத்தகம், விரித்தால் இரண்டு பக்கம் ஒரு பாடம், புத்தகத்திலேயே எழுதலாம், வீட்டுப்பாடம் நாலைந்து கணக்குக்கு மேல் கிடையாது. அங்கே 45 நிமிடப் பாடத்துக்குப் பிறகு 15 நிமிடம் வெளியே விட்டுவிடுவது வழக்கம், அந்த மூச்சு விடும் இடைவெளி பக்கத்திலும் தெரிகிறது. எழுத்து பெரிது, இடம் தாராளம், ஒரு பாடத்தின் நடுவே வண்ணம் தீட்டவோ வழி கண்டுபிடிக்கவோ ஏதாவது இருக்கும். மகள் தனியாகவே உட்கார்ந்து முடித்துவிடுவாள், எனக்கு வேலை அதிகமான வாரங்களில் இது கை கொடுத்தது. ஆனால் வார்த்தைக் கணக்குகள் ரொம்ப லேசு. சிங்கப்பூர் புத்தகத்தில் மூன்று வரி யோசிக்க வேண்டியது இதில் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. பின்லாந்தில் தொடக்க வகுப்புகளுக்குத் தேசியத் தேர்வே கிடையாது, புத்தகங்களுக்கு அரசு அனுமதி வாங்கும் முறையையும் 1990களின் தொடக்கத்திலேயே விட்டுவிட்டார்கள், எந்தப் பிள்ளைக்கு எதைக் கூட்டிக் குறைப்பது என்பதை முதுகலை படித்த வகுப்பாசிரியரிடம் விட்டிருக்கிறார்கள். அந்த ஆசிரியர் கூட்டிக் கொடுக்கிற பகுதி பார்சலில் வராது. கணக்கைக் கண்டாலே மிரளும் பிள்ளைக்கு ஆரம்பம் இதுவாக இருக்கலாம். ஏற்கெனவே நன்றாகப் போடும் பிள்ளைக்கு வாங்க வேண்டாம்.

கடைசியாக மணிச்சட்டம். நெதர்லாந்தில் பிராய்டென்தால் என்ற கணக்குக் கல்வி ஆய்வு நிறுவனத்தின் ஆட்ரி ட்ரெஃபர்ஸ் உருவாக்கியது, ரெகன்ரெக் என்று பெயர். இரண்டு கம்பி, ஒவ்வொன்றிலும் பத்து மணி, ஐந்து சிவப்பு, ஐந்து வெள்ளை. அவ்வளவுதான். நம் மணிச்சட்டம்போல ஒன்று, பத்து, நூறு என்று இடமதிப்பு எதுவும் இதில் கிடையாது. ஏழு என்று சொன்னால் ஐந்து சிவப்பும் இரண்டு வெள்ளையும் ஒரே தள்ளில் போக வேண்டும், ஒவ்வொன்றாக எண்ணித் தள்ளக் கூடாது, அதுதான் விளையாட்டு. எட்டும் ஏழும் கூட்டினால், மேலே ஐந்து சிவப்பு, கீழே ஐந்து சிவப்பு, பத்து ஆகிவிட்டது, மிச்ச வெள்ளை மூன்றும் இரண்டும். மூன்று வாரத்தில் மகள் விரல் எண்ணுவதை விட்டாள். நான் இதில் வாங்கியவற்றிலேயே விலை குறைந்தது இதுதான், கம்பியும் மணியும் அட்டையும் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். ஐந்தாவது மணிக்குப் பிறகு நிறம் மாற வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கணக்குக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பிரெஞ்சு நோட்டு. செயேஸ் கோடு என்பார்கள், 8 மில்லிமீட்டருக்கு ஒரு அழுத்தமான கோடு, நடுவில் 2 மில்லிமீட்டருக்கு ஒன்றாக மூன்று மெல்லிய கோடுகள். அங்கே பிள்ளைகள் கூட்டெழுத்துப் பழகுவது இதில்தான். நான் வாங்கியது சின்னப் பிள்ளைகளுக்கான பெரிதாக்கிய கோடு. தமிழ் எழுதிப் பார்த்தோம், 'கி'யின் கொக்கி மேல் கோட்டுக்குள்ளும் 'கு'வின் வளைவு கீழ்க் கோட்டுக்குள்ளும் அடங்கி உட்காருகின்றன. கையெழுத்து தாறுமாறாகப் போகிற பிள்ளை இருந்தால் ஒரு நோட்டு வாங்கிப் பாருங்கள்.

எந்த நாடு முதலிடம் என்று பார்த்து வாங்கலாமா என்று சிலர் கேட்டார்கள். நான்காம் வகுப்பு அளவில் நாடுகளை ஒப்பிடும் டிம்ஸ் ஆய்வு 1995-இல் தொடங்கி, 1999 தவிர நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது, கணக்கில் சிங்கப்பூர் 2019-இல் 625, 2023-இல் 615 புள்ளியோடு முதலில் நின்றது. பலர் மேற்கோள் காட்டும் பிசா என்ற இன்னொரு ஆய்வு பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கானது, தொடக்கப்பள்ளியைப் பற்றி அதை வைத்துப் பேச முடியாது. அந்தப் புள்ளி ஆசிரியர், வகுப்பறை, வீடு எல்லாம் சேர்ந்து வாங்கிய புள்ளி. அதில் புத்தகத்தை மட்டும்தான் நாம் வாங்குகிறோம். அதனால் நான் ஒவ்வொரு புத்தகத்திடமும் கேட்டது ஒன்றுதான்: இதில் இல்லாத மிச்சத்தை யார் செய்கிறார்கள், அதை என்னால் வீட்டில் செய்ய முடியுமா?

தினமும் இருபது நிமிடம் பக்கத்தில் உட்கார முடியும் என்றால் சிங்கப்பூர் எடுங்கள், கட்டைகளையும் சேர்த்து வாங்குங்கள். உட்கார நேரமே இல்லை என்றால் பின்லாந்து. ஜப்பான் புத்தகத்தை எதோடும் சேர்த்துக்கொள்ளலாம், தனியாக அதை மட்டும் வைத்து ஓட்ட முடியாது. ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம், நான்கையும் மேசையில் பரப்பிய மாதம் பிள்ளைக்கும் குழப்பம், எனக்கும் குழப்பம். விரல் எண்ணுகிற வயதுக்கு எதை வாங்கினாலும் மணிச்சட்டம் இருக்கட்டும்.

நாங்கள் இப்போது சிங்கப்பூர் மூன்றாம் வகுப்பு முதல் பாதியில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜப்பான் கணக்கு, பாட்டியோடு. பின்லாந்துப் புத்தகம் முடிந்துவிட்டது, அடுத்தது வாங்கவில்லை. மணிச்சட்டம் தம்பியிடம் போய்விட்டது, நாலு வயது, ஐந்து சிவப்பையும் ஒரே தள்ளில் தள்ளிவிட்டு "அஞ்சு" என்று கத்துகிறான்.